ரோமாபுரி கொண்டையும் நம்மூர் தையல் ஜடையும்

நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரிக்கு வர்றவங்கள்ல எத்தனை பேர் பக்கத்துல இருக்கிற அரிக்கமேட்டை எட்டிப் பாக்குறீங்க? 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய மது ஜாடிகளையும் இத்தாலியில் முத்திரை குத்திய சிவப்பு மட்பாண்டங்களையும் எடுத்த மண் அது. ஆனா இந்த இழை ஜாடியைப் பத்தி இல்லை, தலைமுடியைப் பத்தி.

ரோமப் பேரரசி ஜூலியா டோம்னாவோட சிலையைப் பின்பக்கமா பாருங்க. ஜடை ஜடையாப் பின்னி, சுத்தி, தட்டு மாதிரி ஒரு பெரிய கொண்டை. இது எப்படி நின்னுது? அறிஞர்கள் பலர் "சவுரி முடி"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

2001-ல் பால்டிமோர் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் அந்த முகத்தைப் பார்த்தவர் ஜேனட் ஸ்டீவன்ஸ். வரலாற்றுப் பேராசிரியர் இல்லை, சிகையலங்காரம் செய்றவர். அதே கொண்டையைப் போட்டுப் பார்த்தார். கொண்டை ஊசி குத்தினா நிக்கல. அப்புறம்தான் பழைய நூல்களைப் புரட்டினார். லத்தீனில் 'ஆகுஸ்'னா குத்துற ஊசியும்தான், தைக்கிற ஊசியும்தான். மொழிபெயர்த்தவங்க தலைமுடின்னு வந்தாலே கொண்டை ஊசின்னு எழுதிட்டாங்க. ஸ்டீவன்ஸ் ஊசி நூலால் தைச்சார், கொண்டை நின்னுது. 2008-ல் ரோமானியத் தொல்லியல் ஆய்விதழில் கட்டுரையாவும் வந்துச்சு.

நம்மூர்ல வளைகாப்புக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் வாழை மட்டை வெச்சு, மல்லிமொட்டு அடுக்கி, ஜடையோட சேர்த்துத் தைக்கிற அத்தைங்க யாரையாவது கேட்டிருந்தா ரெண்டு நிமிஷத்துல சொல்லியிருப்பாங்க. இது கேலி இல்லைங்க. கையில இருக்கிற வித்தை ஏட்டுக்குப் போகாததால வந்த வினை.

ரோமில் அந்தக் கை பெரும்பாலும் அடிமைப் பெண்ணோடது. 'ஆர்னாட்ரிக்ஸ்'னு பேரு. கொண்டை சரியா வரலைன்னா அதே ஊசியைப் பிடுங்கி அவ கையில குத்துற எஜமானிகளைக் கவிஞர் ஓவிட் கண்டிச்சு எழுதியிருக்கார். சிலைக்கு முன்னாடி நிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இன்னொன்னு. கி.பி. 2-ம் நூற்றாண்டு ரோமானியச் சுங்கப் பட்டியலில் வெள்ளை மிளகு, முத்து, தந்தத்தோட 'இந்தியத் தலைமுடி'யும் இருக்கு! நம்ம முடிக்கு அப்பவே வரி.

வீட்டில் செஞ்சு பாக்கணுமா? இடுப்பு வரைக்கும் முடி இருந்தா சுலபம். நடு வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால ரெண்டு பின்னல். ஒண்ணைச் சுருட்டித் தட்டையா வையுங்க, அடுத்ததை அதைச் சுத்தி விடுங்க. முனை மழுங்கின பெரிய ஊசியில முடி நிறத்துலயே கம்பளி நூலைக் கோத்து, பின்னலோட பின்னலைத் தையுங்க. ஊசி பின்னலுக்குள்ளயே போகணும், தோலைத் தொடக் கூடாது. தைக்கிறதுக்கு இன்னொருத்தர் வேணும், தன் தலையைத் தானே தைக்கிறது கஷ்டம்.

டாக்டரா ஒண்ணு சொல்லிடறேன். முடித் தண்டு வலுவானது. சின்னத் தலைக்காயத்தை ரெண்டு பக்க முடியையும் முறுக்கி, ஒரு சொட்டு பசை வெச்சே மூடுற முறை உண்டு. ஆனா வேர் அப்படி இல்லை. தினமும் இழுத்துக் கட்டினா நெத்தி ஓரத்துல முடி கொட்டும், வருஷக்கணக்கா விட்டா திரும்ப முளைக்காது. நெத்தி வலிச்சா உடனே தளர்த்துங்க. அதோட தூங்காதீங்க. பிரிக்கும்போது அவசரப்படாம, நல்ல வெளிச்சத்துல நூலை மட்டும் பார்த்து வெட்டுங்க.