தோலும் துவரும்

தமிழில் மனிதனுக்கும் தோல்தான், மாட்டுக்கும் தோல்தான், கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் தோல்தான். உடம்பில் உயிரோடு இருந்தாலும், உரித்துக் காயப்போட்டாலும், பதனிட்டுச் செருப்பாகத் தைத்தாலும் பெயர் மாறாது. அழகுப்பொருள் விற்பவர்களுக்கு இது சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவர்கள் 'சருமம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். பளபளத்தால் சருமம், அரித்தால் தோல் என்று இப்போது ஒரு பாகப்பிரிவினையே நடந்துவிட்டது. ஆனால் சருமம் ஒன்றும் உயர்குடிச் சொல் இல்லை. அதன் மூலமான வடமொழி 'சர்மன்' விலங்கின் தோலையும் குறித்தது. தோல் வேலை செய்பவருக்கு 'சர்மகாரர்' என்று பெயர். தோல் மருத்துவத்தின் ஆங்கிலப் பெயருக்கு அடியான கிரேக்க 'டெர்மா', 'உரி' என்னும் வினையிலிருந்து பிறந்தது. நம்முடைய 'உரிவை'யும் அப்படித்தான். வைத்தியர் வந்து பெயர் வைக்கும் முன்பே, கத்தியோடு உட்கார்ந்து உரித்தவர் வைத்துவிட்டார்.

பழைய தமிழில் இந்தச் சொல்லுக்குப் பெரிய குடும்பமே இருந்தது. விலங்கின் தோல் 'அதள்'. யாழின் மேல் போர்த்திய தோல் 'பச்சை'. வெறும் 'தோல்' என்றால் கேடயம் என்றும் பொருள், யானை என்றும் பொருள். தொல்காப்பியம் செய்யுளுக்குச் சொல்லும் எட்டு வனப்புகளில் ஒன்றுக்கும் தோல் என்றே பெயர். இதையெல்லாம் ஒரே வேரில் கட்டிவிட நான் துணியமாட்டேன். நெல்லைப் பக்கம் இன்னும் 'தொலி' உயிரோடிருக்கிறது: தொலி உளுந்து, தொலி நீக்கிய உளுந்து. பூண்டை 'உரி'க்கிறோம், பாம்பு சட்டையை 'உரி'க்கிறது, வெயிலில் முகம் 'உரி'கிறது. வினை ஒன்றுதான்.

மயிர் சீவாத தோலைப் போர்த்திய முரசுகளைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அதை ஒரு சிறப்பாகச் சொன்னார்கள் என்றால், மயிர் சீவிய தோல்தான் அன்று வழக்கமானது என்று ஆகிறது. மயிரைச் சீவத் தெரிந்தவருக்குத் தோலின் அடுக்குகளும் தெரிந்திருக்கும்.

அந்த அடுக்குகளைப் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானலிலிருந்து கிழக்கே இறங்கித் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடையே உள்ள இந்த ஊர் நெடுங்காலமாகத் தோல் பதனிடும் ஊர். பதனிடும் ஆலையை ஊரில் 'தோல்ஷாப்' என்பார்கள். உப்புப் போட்டு வந்த தோலை முதலில் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு சுண்ணாம்புக் குழி. அங்கே சில நாள் கிடந்தால் மயிரின் பிடி தளர்ந்துவிடும், மேலே இருக்கும் மெல்லிய படலமும் நைந்துவிடும். கத்தியை வைத்து வழித்தால் இரண்டும் சேர்ந்து வரும். தோலைத் திருப்பிப் போட்டுச் சதைப்பக்கம் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் செதுக்கி எடுப்பார்கள். நடுவில் மிஞ்சுவதுதான் பதனிடப்படும் தோல்.

மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவர் வரைந்து காட்டும் மூன்று அடுக்குகளும் இவைதான். சுண்ணாம்பில் நைந்து போனது மேல்தோல். செதுக்கிப் போட்டது தோலடிக் கொழுப்பு. செருப்பாகவும் பையாகவும் நம் கையில் இருப்பது இடையிலுள்ள அடித்தோல் மட்டுமே. தோல்பையின் மேல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அவை மயிர் முளைத்திருந்த குழிகள்.

மேல்தோல் வியப்பான பொருள். கண்ணிமையில் சுமார் 0.05 மில்லிமீட்டர், உள்ளங்கை உள்ளங்காலில் 1.5 மில்லிமீட்டர் வரை. அதில் இரத்தக்குழாய் கிடையாது. கீறியும் இரத்தம் வரவில்லை என்றால் காயம் மேல்தோலோடு நின்றுவிட்டது என்று கொள்ளலாம். அடிவரிசையில் பிறக்கும் செல் மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, செத்து, செதிளாக உதிர ஏறக்குறைய ஒரு மாதம். பாம்பு ஒரே நாளில் கழற்றுவதை நாம் தவணையில் கழற்றுகிறோம். வெளியடுக்கில் நிறைந்திருக்கும் கெரட்டின்தான் மயிரிலும் நகத்திலும் மாட்டுக் கொம்பின் உறையிலும் இருப்பது. இலத்தீன் வழிவந்த மருத்துவப் பெயரும் அந்த அடுக்கைக் கொம்பு என்றே சுட்டுகிறது. மண்வெட்டி பிடித்துப் பிடித்து இந்த அடுக்கு தடித்தால் தமிழில் 'காய்ப்பு'. கை காய்த்துப் போச்சு என்பார்கள், ஏதோ மரம் காய்த்த மாதிரி. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர்களின் கைகளில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது.

மேல்தோலின் அடிவரிசையில் நிறம் செய்யும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடும். கொடைக்கானல் 2,100 மீட்டர். குளிர்ந்த ஊருக்குப் போய் முகம் கறுத்துத் திரும்பினோமே என்று சமவெளிக்காரர்கள் குழம்புவது இதனால்தான். குளிர் கறுக்க வைக்கவில்லை, மேகத்துக்கிடையே வந்த வெயில் கறுக்க வைத்தது. காற்றின் வறட்சி உதட்டையும் குதிகாலையும் வெடிக்க வைக்கிறது. குதிகால் வெடிப்புக்குப் 'பித்தவெடிப்பு' என்று பெயர் வைத்துப் பழியைப் பித்தத்தின் மேல் போட்டது நம் வைத்திய மரபு.

இந்த அடுக்குகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் வேலை 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்களுக்கு மேனாட்டு மருத்துவம் கற்பித்தார். பிறகு பாடத்தையே தமிழில் நடத்தினார். 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷவங்காதிபாதம்' என்று நூல்கள் வந்தன. அங்காதிபாதம் என்றால் உடற்கூற்றியல். இன்று வாயில் நுழையாது. ஆனால் தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்ற கேள்வியை அவர் பேசிக்கொண்டிருக்கவில்லை, செய்து முடித்துவிட்டார். அதே யாழ்ப்பாண மிஷனின் கிளையாக 1834இல் தோன்றியது மதுரை மிஷன். காய்ச்சலுக்கும் காலராவுக்கும் அஞ்சி முதலில் சிறுமலையில் ஏறிப் பார்த்து, அங்கும் காய்ச்சல் விடாததால் 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டியவர்கள் அவர்கள்தான்.

கிறீனுக்குப் பின் வந்தவர்கள் ஒரு பெயரில் நிலைக்கவில்லை. மேல்தோல், புறத்தோல், அடித்தோல், உட்தோல், கீழ்த்தோல் என்று புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. நடு அடுக்கைக் 'கீழ்த்தோல்' என்று சொல்லிவிட்டால் அதற்கும் கீழே இருக்கும் கொழுப்படுக்கை என்னவென்று சொல்வது? தோல்ஷாப்பில் ஒரு நாள் நின்றிருந்தால் கலைச்சொல்லாளருக்கு இந்தக் குழப்பம் வந்திருக்காது. அங்கே வழிப்பது ஒன்று, வைத்துக்கொள்வது ஒன்று, செதுக்குவது ஒன்று.

வைத்துக்கொள்ளும் அடுக்கு முழுக்கக் கொலாஜன் நார். கொலாஜன் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் பசை தருவது என்று பொருள். நம் ஆசாரிகள் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையை மரத்துக்குப் பூசினார்களே, அதுவும் இந்த நார்தான். அப்படியே விட்டால் அழுகும். துவர்ப்பொருள் ஏறினால் நார்கள் இறுகி அழுகாமல் நிற்கும். வாயில் கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துப் பிடிக்கும் அதே வேலையைத்தான் துவர் தோலிலும் செய்கிறது. திண்டுக்கல்லின் பழைய முறையில் ஆவாரம்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவைத்துக் கடைசியில் கடுக்காய் கொடுத்தார்கள். அதே ஆவாரையின் பூவைக் காயவைத்து நலங்குமாவில் சேர்த்துப் பெண்கள் உடம்பில் பூசிக் குளித்தார்கள். பட்டை செத்த தோலுக்கு, பூ உயிருள்ள தோலுக்கு. சருமத்தையும் தோலையும் பிரிக்கத் தெரியாத செடி.

துவர் தேடிய பயணம்தான் மலையின் முகத்தையும் மாற்றியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்தின் பட்டையில் மூன்றில் ஒரு பங்கு வரை துவர்ப்பொருள். ஆவாரம்பட்டையில் அதில் ஏறக்குறைய பாதிதான். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வனத்துறை மேல்பழனியின் புல்வெளிகளில் அதை நட்டது. நீலகிரியில் அதற்குச் சீகை என்று பெயர். ஈரத்தைப் பிடித்து வைத்து ஓடைக்கு மெல்ல விட்ட புல்வெளி மறைந்து, விதை விழுந்த இடமெல்லாம் வாட்டில் ஆனது. இப்போது அதை அகற்ற நீதிமன்றம் வரை போக வேண்டியிருக்கிறது.

தோல் பதனிடும் இந்தத் தொழிலில் உயிருள்ள தோலின் கதி என்ன? டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல்ஷாப் தொழிலாளரைப் பற்றி எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவலுக்குத் 'தோல்' என்றே பெயர் வைத்தார். வேறு எந்தத் தலைப்பும் இவ்வளவு பொருந்தியிருக்காது. சுண்ணாம்பு மாட்டின் மேல்தோல் என்றும் மனிதனின் மேல்தோல் என்றும் பார்ப்பதில்லை, இரண்டிலும் கெரட்டின்தான். குழியில் இறங்கியவரின் கையும் காலும் வெந்து புண்ணாவது தொழிலின் இயல்பாகவே கருதப்பட்டது. அடைப்பான் கண்டு செத்த மாட்டின் தோலைத் தொட்டால் தொட்ட இடத்தில் கரிக்கட்டை நிறத்தில் பொருக்கு உண்டாகலாம்.

பிறகு குரோமியம் வந்தது. பட்டையில் வாரங்கள் எடுத்த வேலையைக் குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். இன்று உலகத்தின் பெரும்பகுதித் தோல் அப்படித்தான் பதனிடப்படுகிறது. ஆவாரம்பட்டைக்கும் வாட்டில் பட்டைக்கும் இருந்த தேவை சுருங்கியது. தோல் மருத்துவர்களின் பட்டியலில் புதிதாக ஓர் ஒவ்வாமையும் சேர்ந்தது. சிமென்டிலும் குரோமியம் உண்டு என்பதால் கொத்தனார்களின் கையில் கரப்பானாக வருகிறது; சிலருக்குச் செருப்பு பட்ட இடத்தில், வார் போன தடம் அப்படியே சிவந்து அரிக்கிறது. முதலில் செருப்புக்கடி என்றுதான் நினைப்பார்கள். முதுகில் மருந்து ஒட்டிப் பார்க்கும் சோதனையில் குரோமியம் என்று தெரிந்தால், மருத்துவர் களிம்போடு இன்னொன்றும் சொல்லி அனுப்புவார்: தோல் செருப்புதான் வேண்டுமென்றால், பட்டையில் பதனிட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.