காவலூர்த் தொலைநோக்கிகளும் புலத்தின் விளிம்பும்

சேலம், நாமக்கல் சமவெளிக்கு வடக்கே ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் காவலூர் வானாய்வகம் அமைந்துள்ளது. வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இவ்விடத்தில், கொடைக்கானல் பட்டறையில் உருவான 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் பணி தொடங்கியது.

இத்தகைய தொலைநோக்கியை வடிவமைப்போர், இன்று மென்பொருளாலும் முன்பு மடக்கை அட்டவணைகளாலும், ஒளிக்கதிர் ஒவ்வொன்றும் செல்லும் வழியைக் கணக்கிடுகின்றனர். அதற்குமுன் இரண்டை முடிவு செய்தாக வேண்டும். வானின் எந்தெந்தத் திசைகளிலிருந்து வரும் கதிர்களைச் சோதிப்பது என்பது முதலாவது. தொலைநோக்கி காணும் வானப்பரப்பான புலத்தின் மையத்திலும் இடையிலும் விளிம்பிலுமாகத் தெரிந்தெடுக்கப்படும் அத்திசைகளே புலப்புள்ளிகள். குவியத்தில் வந்து கூடும் ஒளிக்கூம்பு எவ்வளவு அகன்றது என்பது இரண்டாவது. கூம்பின் அரைக்கோணத்துக்குரிய சைன் மதிப்பை ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணால் பெருக்கினால் கிடைக்கும் இவ்வளவை எண் துளை என்பர். நுண்ணோக்கிகளுக்காக இதை வரையறுத்தவர் ஜெர்மனியின் யெனா நகரில் கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் ஆபே. காவலூரில் 1972இல் நிறுவப்பட்ட 1 மீட்டர் தொலைநோக்கியும் அந்த யெனாவிலிருந்தே வந்தது.

1977இல் ஒரு விண்மீனை யுரேனஸ் மறைத்தபோது, அக்கோளின் வளையங்களால் அவ்விண்மீனின் ஒளி குன்றியதை இத்தொலைநோக்கி பதிவு செய்தது. விண்மீன் ஒன்றின் ஒளியை மட்டும் அளக்கும் இத்தகைய பணியில் புலத்தின் விளிம்பு பொருட்டே அன்று. பரந்த வானத்தைப் படமெடுக்க முற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

பாப்பு 1982இல் மறைந்தபின் நிறைவுற்று, 1986இல் அவர் பெயர் சூட்டப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி இதற்குத் தெளிவான சான்று. அதன் பரவளைய ஆடியின் குவியத்தொலைவு விட்டத்தைப்போல் 3.25 மடங்கு, ஆகவே முதன்மைக் குவியத்தில் எண் துளை ஏறத்தாழ 0.15 ஆகிறது. இவ்வளவு அகன்ற கூம்பு விரிந்த பொருளின் மங்கிய ஒளியை விரைவில் பதிவாக்கும். ஆனால் மையத்தை விட்டு ஒரு வில்நிமிடம், அதாவது பாகையின் 60இல் ஒரு பங்கு, விலகினாலே விண்மீனின் உருவம் ஏறத்தாழ ஒரு வில்விநாடி நீளத்துக்கு வால் போல இழுபடும். கோமா எனப்படும் இக்குறை எண் துளையின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. இரண்டாம் ஆடியின் துணையோடு அந்தக் குவியத்தொலைவு–விட்ட விகிதம் 13 ஆகும் காசிக்ரேன் குவியத்தில் எண் துளை 0.04க்குச் சுருங்க, அதே விலகலுக்கு உரிய கோமா 16இல் ஒரு பங்காகக் குறைகிறது. மையப் புள்ளியை மட்டும் சோதிக்கும் கணக்கு இரண்டு குவியங்களையும் குறையற்றவை என்றே காட்டும் என்பதால், அதை நம்பிய வடிவமைப்பு அரைகுறையானதே.

அகன்ற கூம்பையும் பரந்த புலத்தையும் ஒருங்கே தருவது ஷ்மிட் தொலைநோக்கி. அதன் கோள ஆடிக்குத் தனி அச்சு இல்லை. வளைவு மையத்தில் திருத்தத் தகடு வைக்கப்படுவதால் புலப்புள்ளிகள் யாவும் ஏறத்தாழ ஒரே நிலையில் அமைகின்றன. காவலூரில் அத்தகைய தொலைநோக்கியைக் கொண்டு ஆர். ராஜமோகன் குழுவினர் குறுங்கோள்களைத் தேடினர். 1988 பிப்ரவரியில் அங்கே கண்டறியப்பட்ட 4130ஆம் எண் குறுங்கோளுக்கு ராமானுஜன் என்று பெயரிடப்பட்டது.