பொன் விளையுமா என்று கேட்டவர்கள்: கோலார் தங்க வயலின் தொடக்க வரலாறு



தொலைவிலுள்ள ஒரு வறண்ட நிலத்தில் சுரங்கம் தோண்டப் போகிறோம் என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்பொழுது, பத்திரிகைகள் இருவகையாகப் பேசுவது வழக்கம். முதலில் வானளாவப் புகழும். பின்னர் அங்கே என்ன கிடைத்துவிடப் போகிறது என்று ஐயுறும். இவ்விரண்டுக்கும் நடுவே உண்மை எங்கே நின்றது என்பதை அறிய, கோலார் தங்க வயலைவிடச் சிறந்த சான்று நம் நாட்டில் இல்லை. தமிழகத்திற்கு வெளியே தமிழர் பெருந்திரளாகச் சென்று குடியேறிய ஊர்களுள் ஒன்றாதலின், அதன் கதை நமக்கு உரியதுமாகும்.

1802-ஆம் ஆண்டில் மைசூர் எல்லையை அளக்கச் சென்ற லெப்டினன்ட் ஜான் வாரன் என்பவர், உரிகம், மாரிக்குப்பம் முதலிய சிற்றூர்களில் மக்கள் மண்ணை அலசிப் பொன் துகள் சேர்ப்பதைக் கண்டு குறிப்பெழுதினார். அக்குறிப்பு எழுபது ஆண்டுகள் பெரும்பயன் இன்றிக் கிடந்தது. நியூசிலாந்தில் மாவோரி மக்களுடன் நடந்த போரில் பங்கு கொண்டு, பின்பு பெங்களூரில் குடியேறிய லாவெல் என்னும் அயர்லாந்துக்காரர் 1873-இல் மைசூர் அரசிடம் சுரங்க உரிமை வேண்டினார், 1875-இல் பெற்றார். பெங்களூரிலுள்ள லாவெல் சாலை அவர் பெயரால் அமைந்ததே. ஆனால் சுரங்கம் தோண்டுவதற்குப் பெரும் பொருள் வேண்டும். அவரிடம் அது இல்லை. 1877-இல் அவருடைய உரிமை கர்னல் பெரஸ்ஃபோர்டும் நண்பர்களும் அமைத்த குழுவுக்குக் கைமாறியது.

அதே காலத்தில் மற்றொரு பொன் வேட்டை நாட்டைக் கலக்கியது. இன்று நீலகிரி மாவட்டத்தைச் சேர்ந்த பந்தலூர், தேவாலா பகுதிகள் அன்று தென்கிழக்கு வயநாடு என வழங்கின. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலிருந்து இந்திய அரசு வரவழைத்த பிரஃப் ஸ்மித் என்னும் நிபுணர், அங்கே பொன் தாங்கிய பாறை ஏராளமாக உள்ளதெனக் கருத்துரைத்தார். உடனே லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. நாற்பது லட்சம் பவுனுக்கு மேல் மூலதனம் குறிக்கப்பெற்றது. காப்பித் தோட்டங்கள் கம்பெனிகளுக்குப் பெருவிலைக்கு விற்கப்பட்டன. இயந்திரங்கள் மலையேறின. பாறை அரைக்கப்பட்டது. வந்த பொன்னோ செலவில் ஒரு பகுதியைக்கூட ஈடுசெய்யவில்லை. சில ஆண்டுகளுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இங்கே ஒரு சொல் வேறுபாட்டை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இத்தகைய வேறுபாடுகள் அன்றாடம் எதிர்ப்படுவன. 'பொன் இருக்கிறது' என்பது ஒன்று. 'எடுக்கும் செலவுக்கு மேல் பொன் கிடைக்கும்' என்பது மற்றொன்று. வயநாட்டில் முதலாவது உண்மை; இரண்டாவது பொய்யாயிற்று. பங்கு விற்றவர்கள் முன்னதைச் சொல்லிப் பின்னதை நம்பவைத்தார்கள். அதன்பின் இந்தியப் பொன் என்றாலே ஏமாற்று என்னும் எண்ணம் லண்டன் பணச் சந்தையிலும் அதன் செய்தி எழுதியவர்களிடத்தும் வேரூன்றியது. வயநாட்டைப் பொறுத்தமட்டில் அவ்வையம் முற்றிலும் நியாயமானதே.

ஆனால் அந்த ஐயம் கோலாரையும் சேர்த்தே மூடிற்று. 1880-இல் தொடங்கிய மைசூர் கம்பெனி, ஜான் டெய்லர் அன் சன்ஸ் என்னும் நிர்வாகிகளின் பொறுப்பில் தோண்டிக்கொண்டே இருந்தும் பயன் காணவில்லை. பணம் கரைந்தது; எஞ்சியதைப் பங்கிட்டுக்கொண்டு சுரங்கத்தை மூடிவிடலாம் என்று பங்குதாரர் சிலர் வற்புறுத்தினர். பக்கத்து உரிகம் கம்பெனியின் நிலையும் அதுவே. அதன் ஒரு பவுன் பங்கு சந்தையில் இரண்டரை ஷில்லிங்குக்கு இறங்கியது. புதுப் பங்குகளை எவரும் முழுவிலைக்கு வாங்காராதலின், ஐந்து ஷில்லிங் கொடுத்தாற் போதும், மீதிப் பதினைந்து ஷில்லிங் செலுத்தியதாகவே கொள்ளப்படும் என்று சொல்லி அக்கம்பெனி அவற்றை வெளியிட்டது. அச்செயல் செல்லாது என்று 1892-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு இன்றளவும் கம்பெனிச் சட்டம் பயில்வோர்க்குப் பாடமாக இருக்கிறது. கோலாரின்மீது உலகம் வைத்திருந்த மதிப்பை அந்த இரண்டரை ஷில்லிங் காட்டுகிறது.

ஜான் டெய்லர் பங்குதாரரை இணங்கச் செய்து, கேப்டன் பிளம்மர் என்னும் சுரங்க அனுபவசாலியை அனுப்பினார். அவர் புதிய இடம் தேடி அலையவில்லை. நூற்றாண்டுகளுக்கு முன் இந்நாட்டு மக்கள் தோண்டிக் கைவிட்ட பழங்குழிகளையே பின்பற்றினார். முன்னோர் நீரும் பாறையும் தடுத்ததால் நிறுத்திய இடத்திற்குக் கீழே, 1884-85 அளவில், வளமிக்க பொன்னடுக்கு வெளிப்பட்டது. அதுவே சாம்பியன் ரீஃப். உள்ளூர் மக்களின் பழந்தொழில் அறிவு விட்டுச்சென்ற தடயம் வழிகாட்டியபொழுதுதான் அந்நியர் மூலதனம் பயன் கண்டது.

அதன்பின் நடந்தது பிரசித்தம். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 92 மைல் தொலைவுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. அக்காலத்து உலகின் மிக நீண்ட மின் கம்பி வழிகளுள் அது ஒன்று. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. மூடப்படும்வரை கிடைத்த பொன் சுமார் 800 டன் என்பர்.

ஆகவே ஐயுற்றவர்கள் தோற்றனர் என்று முடித்துவிடலாமா? அவ்வாறு முடிப்பதற்கில்லை. நம்பியவர்களும் ஐயுற்றவர்களும் கேட்ட கேள்வி ஒன்றே: போட்ட பணம் திரும்புமா என்பது. அப்பாறையை உடைக்கப் போகிறவர் யார், அவர்க்கு என்ன மிஞ்சும் என்பது அவர்களுடைய கணக்கில் இடம்பெறவில்லை. வட ஆற்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் தள்ளப்பட்டு வந்த ஏழை மக்களே பெரும்பாலும் சுரங்கத்தில் இறங்கினர். வெப்பம் கொதிக்கும் ஆழத்தில் பாறை திடீரென வெடித்துச் சிதறி மாண்டவர் பலர். கல்தூளை மூச்சோடு உள்ளிழுத்து, சிலிகோசிஸ் என்னும் நுரையீரல் நோயால் உருக்குலைந்தவர் அதனினும் பலர். 1930-இல் தொழிலாளர் எல்லோரையும் கைரேகை பதிவுசெய்ய நிர்வாகம் முனைந்தபொழுது, அம்மக்கள் 21 நாள் வேலைநிறுத்தம் செய்து தம் மானத்தை நிலைநாட்டினர்.

1956-இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1962-இல் மத்திய அரசு ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. பாறையில் பொன்னின் அளவு குறைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் ஊருக்குள் எஞ்சின. பாட்டன் குழியில் இறங்கிய வீடுகளின் பிள்ளைகள் வைகறையில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்லலாயினர்.

தொலைதூரச் சுரங்கம் ஒன்றைப் பற்றிய செய்தி வரும்பொழுது ஐயுறுவது நல்லதே. வயநாடு அதற்குச் சாட்சி. ஆயினும் அந்த ஐயம் பங்கு விலையோடு நின்றுவிடலாகாது. எவர் உடலுழைப்பால் அது நடக்கும், பொருள் தீர்ந்தபின் அவ்வூர் எதைக் கொண்டு வாழும் என்பதையும் பத்திரிகைகள் கேட்டிருந்தால், கோலாரின் முடிவு மக்களைத் திடுமென வந்து தாக்கியிராது. ஒடிசாவிலோ, ஜார்க்கண்டிலோ, சத்தீஸ்கரிலோ சுரங்க ஊர்களில் வேலை செய்து வாழும் நம்மவர்கள், இக்கேள்விகளைத் தாமே கேட்பதற்கு எல்லா உரிமையும் உடையவர்கள்.