கிளித்தட்டு: ஒரு வெண்கட்டி போதும்

கிளித்தட்டு ஈழத்தில் நாம் ஆடி வளர்ந்த குழு விளையாட்டு. பந்தும் வேண்டாம், மட்டையும் வேண்டாம். நீள்சதுரம் கீறி, நடுக்கோடும் ஆட்தொகைக்கேற்பக் குறுக்குக் கோடுகளும் போட்டால் சரி.

மறிக்கும் அணியில் ஒருவர் கிளி. அவர் கைதட்ட ஆட்டம் தொடங்கும். மற்றவர்கள் ஆளுக்கொரு குறுக்குக் கோட்டில் நின்று மறிப்பர். கிளி நடுக்கோட்டாலும் ஓடி அடிப்பார். அடிபடாமல் கடைசிக் கோட்டைத் தாண்டித் திரும்புபவர் பழம். இன்னும் தாண்டாதவர் காய். இருவரும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கக்கூடாது. ஊருக்கு ஊர் விதிகள் சற்று மாறும்.

அயர்லாந்தில் 1884 இல் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம், ஹேர்லிங் போன்ற தம் விளையாட்டுகளுக்கு விதி வகுத்து ஊர்தோறும் கழகம் அமைத்தது. எமது விதிகளோ பெரும்பாலும் வாய்வழியே வந்தவை.

திரான்சியில் வளரும் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பாடசாலையிலேயே கிடைக்கும். ஊர்ச் சாமான்களை லாச்சப்பலில் வாங்கலாம். கிளித்தட்டை நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும்.