மதுத் தெய்வத்தின் விழாவில் வளர்ந்த நாடகம்



பரிசளிப்பு விழா என்றால் நாடகம் இல்லாமலா? அந்த நாடகத்துக்கே ஊர் கூடிப் பரிசு கொடுத்த ஒரு திருவிழா, ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

கிரேக்க நாட்டு ஏதென்ஸ் நகரத்தார் டயோனீசஸ் என்னும் தெய்வத்தை வணங்கினார்கள். திராட்சைக் கொடிக்கும் மதுவுக்கும் அவரே அதிபதி. ஆண்டுதோறும் மார்ச், ஏப்ரல் வாக்கில் அவருக்கு விழா. ஊர்வலமும் பலியும் முடிந்ததும், அக்ரோபோலிஸ் குன்றின் தென்சரிவில் இருந்த அரங்கில் சனங்கள் கூடுவார்கள். கி.மு. 6-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே நாடகப் போட்டி தொடங்கிவிட்டது. பின்னர், மூன்று கவிஞர்கள் ஆளுக்கு மூன்று சோக நாடகங்களும் ஒரு கேலி நாடகமும் போடுவது வழக்கமாயிற்று. செலவு யாருடையது என்கிறீர்களா? பாடகர் குழுவின் செலவு ஊர்ப் பணக்காரர் தலையில்! நடுவர்களையோ சீட்டுக் குலுக்கித்தான் எடுத்தார்கள்.

கி.மு. 494-இல் பாரசீகப் படை மிலேட்டஸ் என்ற கிரேக்க நகரை அழித்தது. அதைப் பிரினிக்கஸ் என்ற கவிஞர் நாடகமாக்கினார். அரங்கமே அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று, பாவம், அவருக்கு 1,000 டிராக்மா அபராதம் போட்டார்கள். நாடகத்துக்கும் தடை!

கி.மு. 480-இல் பாரசீகர் ஏதென்சையே கொளுத்தினார்கள். ஆனால் அதே ஆண்டு சலாமிஸ் கடற்போரில் கிரேக்கரிடம் தோற்றார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, கி.மு. 472-இல், ஏஸ்கிலஸ் என்ற கவிஞர் 'பாரசீகர்கள்' என்ற நாடகத்தை அந்த விழாவில் அரங்கேற்றினார். அவர் மாரத்தான் போரில் பாரசீகரை எதிர்த்து நின்ற வீரர். பாடகர் குழுவுக்குச் செலவு செய்தவர், பின்னாளில் ஏதென்சின் பெருந்தலைவரான பெரிக்ளிஸ்.

மேடையில் வெற்றி முரசு கொட்டியதா? இல்லை. எதிரியின் அரண்மனையைக் காட்டினார். அங்கே ஒரு தாய் மகனுக்காகக் காத்திருக்கிறாள். படை அழிந்த செய்தி வருகிறது. கடைசியில் மகன், அரசன் செர்க்சஸ், கிழிந்த உடையோடு வந்து நிற்கிறான்.

பார்த்தவர்கள் யார் தெரியுமா? அந்தப் பாரசீகரால் ஊரையே இழந்து மீண்டவர்கள். ஆனாலும் முதல் பரிசு அந்தக் கவிஞருக்கே கிடைத்தது.

மாணவர்களே, அடுத்த முறை உங்களுக்கு எதிரி வேடம் கொடுத்தால் முகம் சுளிக்காதீங்க. எதிரிக்கும் வீட்டிலே ஓர் அம்மா காத்திருப்பாள். அதை நினைத்து நடியுங்கள்.