கோட்செஃப்

கோட்செஃப் என்பது இந்தியாவிலிருந்து நடத்தப்படும் பன்னாட்டு நிரலாக்கப் போட்டித் தளம் ஆகும். டைரெக்டி என்னும் மென்பொருள் நிறுவனம் இதனை 2009ஆம் ஆண்டு தொடங்கியது. 2020இல் இது அன்அகாடமி நிறுவனத்தின் வசம் சென்றது. பல்கலைக்கழக அணிகளுக்கான ஐசிபிசி உலகப் போட்டியில் இந்திய அணிகளை முன்னேறச் செய்வது இத்தளத்தின் தொடக்ககால நோக்கங்களுள் ஒன்றாகும்.

போட்டி முறை

போட்டியாளர் தமக்குப் பழக்கமான கணினி மொழியில் நிரல் எழுதிச் சமர்ப்பிப்பார். தளத்தின் வழங்கி அதனை மறைவான உள்ளீடுகளுடன் இயக்கிச் சோதிக்கும். விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. குறித்த சில நொடிகளுக்குள் கிடைக்கவும் வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,00,000 எண்களுள் ஏதேனும் இரண்டு சமமா எனக் கண்டறிய வேண்டும் என்க. ஒவ்வொரு இணையாக ஒப்பிட்டால் ஏறத்தாழ 500 கோடி ஒப்பீடுகள் தேவைப்படலாம். எண்களை முதலில் வரிசைப்படுத்திவிட்டால் அடுத்தடுத்த எண்களை மட்டும் பார்த்தால் போதும். மொத்த வேலை சுமார் 17 லட்சம் ஒப்பீடுகளில் முடிந்துவிடும். சோதிக்கப்படுவது கணினியின் வேகம் அன்று, வழிமுறையின் திறனே.

நெடும் போட்டி

மாதந்தோறும் நடந்த 'லாங் சேலஞ்ச்' பத்து நாட்கள் நீடித்தது. முதல் நாள் தீர்த்தவருக்கும் பத்தாம் நாள் தீர்த்தவருக்கும் ஒரே மதிப்பெண். மின்தடையும் மெதுவான இணைய இணைப்பும் உள்ள ஊர்களின் மாணவர்கள், கணக்கைப் படித்து, நூல்களைப் புரட்டி, அடுத்த நாள் முயல இம்முறை இடமளித்தது. இரண்டரை மணிநேர 'குக்-ஆஃப்' போட்டியில் இதற்கு வழியில்லை.

இதே நீண்ட கால அவகாசம் விடைகளைப் பகிர்வதற்கும் வசதியாயிற்று. நிரல்களின் ஒற்றுமையைக் கண்டறியும் மாஸ் என்ற மென்பொருள் பயன்படுத்தப்பட்டும் நகலெடுப்பு நிற்கவில்லை. பத்து நாள் முறை பின்னர் கைவிடப்பட்டது. 2021இல் 'ஸ்டார்ட்டர்ஸ்' என்னும் குறும்போட்டி தொடங்கப்பட்டது. நேர்மையானவர்களுக்கு இது ஓர் இழப்பே.

பிற போட்டிகள்

அணிக்கு இருவர் எனத் தொடங்கிய 'ஸ்னாக்டவுன்' பின்னர் வெளிநாட்டினருக்கும் திறந்துவிடப்பட்டது. பரிசுப் புள்ளிகளுக்கு இத்தளம் இட்ட பெயர் 'லட்டு'. அவற்றைச் சேர்த்துச் சட்டை முதலிய பொருட்களைப் பெற முடிந்தது.

வெளிநாட்டு நிறுவனங்களுள் கூகிள் 2003 முதல் கோட் ஜாம் போட்டியை நடத்தியது. பெலருசைச் சேர்ந்த கென்னடி கரட்கேவிச் 2014 முதல் 2020 வரை தொடர்ந்து ஏழு முறை இதில் வென்றார். ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஹேக்கர் கப் 2011இல் தொடங்கியது. திறமையான பொறியாளர்களை அடையாளம் காண்பதும் இப்போட்டிகளின் நோக்கமாதலால், அவற்றின் ஆயுள் நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்தது. கூகிள் தன் போட்டிகள் அனைத்தையும் 2023இல் நிறுத்திக்கொண்டது.