கருப்பு யார்?

1997-ல் சன் டிவியில் 'விடாது கருப்பு' வாரம் ஒரு நாள் வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை எங்கள் மதுரை அலுவலகத்தில் பதினொரு மணி வரை ஒரு கோப்பும் நகராது.

'மர்ம தேசம்' வரிசையில் 'ரகசியம்' முடிந்த பிறகு வந்த கதை இது. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா, தயாரிப்பு பாலசந்தரின் மின்பிம்பங்கள். தோட்டக்காரமங்கலம் என்ற ஊரில் தப்பு செய்தவர்களைக் கருப்பசாமி தண்டிக்கிறார். ராத்திரியில் குதிரையில் வருவது சாமியா, ஆளா? இதுதான் கேள்வி.

தலைமை எழுத்தரிடம் ஒரு சூத்திரம் இருந்தது. கதையில் வேலையே இல்லாமல் எவன் அடிக்கடி வந்துபோகிறானோ, அவன்தான் கொலைகாரன் என்பார். வாரத்துக்கு ஓர் ஆளை மாட்டிவிடுவார். இன்னொருவர் 'விட்டுவிடு கருப்பா' நாவலைப் படித்திருந்தார். இந்தத் தொடரே அதிலிருந்து வந்ததுதான். அவருக்கு மாதக்கணக்கில் டீ வாங்கிக் கொடுத்தோம். மனிதர் டீயைக் குடித்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

இப்படி மண்டையைக் குழப்பிக்கொள்வது எங்களுக்குப் புதிதல்ல. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் வந்தபோதே பேயா, விஞ்ஞானமா என்று சண்டை போட்ட தலைமுறை. தூர்தர்ஷன் தொடர்கள் பெரும்பாலும் 13 வாரத்தில் முடிந்துவிடும். ஊகிக்க அவகாசம் போதாது. 1993-ல் சன் டிவி வந்த பிறகுதான் நீண்ட கதைக்கு இடம் கிடைத்தது. ஆனாலும் நடுவில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு நாளும் கதை எங்களிடம் இருந்தது. 'சித்தி' போல தினமும் வர ஆரம்பித்த பிறகு யோசிக்க யாருக்கு நேரம்?

வீட்டில் நிலைமை வேறு. கருப்பு எங்கள் குலதெய்வம். அம்மா தொடர் ஆரம்பிக்கும் முன் முகம் கழுவி விபூதி இட்டுக்கொண்டு உட்காருவார். நான் "எவனோ வேஷம் போட்டுக்கிட்டு வர்றான்மா" என்றால், "வாயைக் கழுவுடா" என்பார். அந்த மாதங்களில் நாங்கள் உண்மையிலேயே முறைத்துக்கொண்டோம்.

(இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் மீதியைப் படிக்க வேண்டாம்.)

கடைசியில் ஆள்தான். அவனுக்கே தெரியாமல் அவனுக்குள் இன்னொருவன். பிளவுபட்ட மனம் என்று விளக்கினார்கள். நான் ஜெயித்த மிதப்பில் அம்மாவைப் பார்த்தேன். அவர் அசரவே இல்லை.

"அவன் மேல சாமி வந்துருக்குடா. அதைத்தான் நீங்க இங்கிலீஷ்ல ஏதோ பேர் வச்சு வியாதிங்கிறீங்க."

மறுநாள் அலுவலகத்தில் இதைச் சொன்னேன். சூத்திரக்காரர்கூட பேசவில்லை. நாவல் படித்தவர் மட்டும், "அம்மா சரியான ஆளு சார்" என்றார்.

பிறகு ஒருமுறை அழகர்கோவில் போயிருந்தோம். பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் சாத்திய கதவுக்கு முன்னால்தான் அந்தக் காலத்தில் வழக்குத் தீர்ப்பார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வராது. அம்மா என் பிடரியில் கை வைத்துக் குனிய வைத்தார்.

"சின்னப் புள்ள, தெரியாமப் பேசிட்டான். மனசுல வச்சுக்காதப்பா."

எனக்கு அப்போது வயது 46.